கர்ணனுக்குத் தெரியாதது சிவாஜிக்குத் தெரியும்!

ஒரு சின்னக் கேள்வி. கர்ணனுக்குத் தன்னோட அம்மா யாருன்னு தெரியுமா?

'இதென்ன எல்.கே.ஜி. கேள்வி? குந்திதானே!'ன்னு சொல்றீங்களா? அது உங்களுக்குத் தெரியும் பாஸ். கர்ணனுக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன். போர் நெருங்குற வரைக்கும் பாவம், அந்த மனுஷனுக்குத் தெரியாது. 1964-ல வந்த 'கர்ணன்' படத்துல நடிச்ச சிவாஜிக்கு முதல் சீன்லேயே தெரியும். டிக்கெட் எடுத்து உட்கார்ந்திருந்த நம்ம தாத்தா, பாட்டிக்கும் தெரியும். திரையில நிக்கிற கர்ணனுக்கு மட்டும் தெரியாது. அதனாலதான் குந்தி முன்னாடி அவன் நிக்கும்போது தியேட்டரே விசும்புது.

ஆக, ஒரே உடம்புக்குள்ள ரெண்டு பேர். ஒருத்தருக்குத் தெரியும், இன்னொருத்தருக்குத் தெரியாது. இந்த ரெண்டு பேரையும் பிரிச்சு வைக்கிறது எப்படிங்கிறதுதான் நாங்க வாராவாரம் மண்டையை உடைச்சுக்கிற மேட்டர். நாங்க நடிகர்கள் இல்லை. ஒரு விளையாட்டு ஆடுறோம், அவ்வளவுதான்!

எனக்கு ஊர் வளையமாதேவி. கடலூர் மாவட்டம், சேத்தியாத்தோப்பு பக்கம். ஞாயித்துக்கிழமை ஆனா பஸ் ஏறி நெய்வேலி டவுன்ஷிப்புக்குப் போயிடுவேன். அங்க ஒரு நண்பனோட குவார்ட்டர்ஸ் வராண்டாவுல ஆறு பேர் கூடுவோம். ஒரு மேஜை, கொஞ்சம் பேப்பர், பென்சில், அவங்க அம்மா கொடுக்கிற டீ. விளையாட்டோட பேர், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்.

கேள்விப்பட்டதில்லையா? ரொம்ப சிம்பிள். 1974-ல அமெரிக்காவுல கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன்னு ரெண்டு பேர் உருவாக்கின ஆட்டம். கம்ப்யூட்டர் வேண்டாம், கரென்ட் வேண்டாம். ஒருத்தர் கதை சொல்வார். அவருக்குப் பேர் டன்ஜன் மாஸ்டர், சுருக்கமா டி.எம். மத்தவங்க ஆளுக்கு ஒரு பாத்திரம். மந்திரவாதி, போர்வீரன், பூசாரி, வேட்டைக்காரன்னு உங்க இஷ்டம். "குகை வாசல்ல நிக்கிறீங்க. உள்ள ஏதோ உறுமுது. என்ன பண்றீங்க?"ன்னு டி.எம். கேட்பார். நீங்க என்ன பண்றீங்களோ அதைச் சொல்லணும். நடக்குமா நடக்காதாங்கிற சந்தேகம் வந்தா இருபது முகம் உள்ள ஒரு பகடையை உருட்டணும். அதுல வர்ற நம்பரோட உங்க பாத்திரத்தோட திறமைக்கான மார்க்கைக் கூட்டிக்கணும். டி.எம். வச்சிருக்கிற இலக்கைத் தொட்டா பாஸ், தொடலைன்னா ஃபெயில்.

மரம் ஏறுறது, பூட்டு உடைக்கிறது, பொய் சொல்றது எல்லாத்துக்கும் இது சரியா வரும். சிக்கல் ஒரே ஒரு இடத்துலதான். உங்க பாத்திரத்துக்கு ஒரு விஷயம் 'தெரியுமா, தெரியாதா'ங்கிற இடத்துல!

பகடை உருட்டினா அறிவு வருமா?

மரம் ஏறும்போது கால் வழுக்கலாம், அது புரியுது. ஆனா அறிவுங்கிறது வேற மாதிரி. ஒண்ணு தெரியும், இல்லை தெரியாது. நடுவுல வழுக்க என்ன இருக்கு?

இந்த ஆட்டத்தை எழுதினவங்களும் இதுல திணறித்தான் இருக்காங்க. 2000-ல வந்த மூணாவது பதிப்புல அறிவையே பல துண்டா வெட்டினாங்க. மந்திரம், வரலாறு, மதம், இயற்கை, நிலவியல், உள்ளூர் விவகாரம்னு தனித்தனி ஸ்கில். சுலபமான கேள்விக்கு இலக்கு 10. சுமாரான கேள்விக்கு 15. கஷ்டமான கேள்வின்னா 20-ல இருந்து 30 வரைக்கும். அந்தப் பாடத்துல பயிற்சியே இல்லாதவன் பத்துக்கு மேல உள்ள கேள்வி எதுக்கும் வாயைத் திறக்க முடியாது. ஒரு தடவை ஃபெயில் ஆனா மறுபடி உருட்டவும் கூடாது. உட்கார்ந்து யோசிச்சா மட்டும் தெரியாதது தெரிஞ்சிடுமா என்னங்கிறதுதான் அதுக்குக் காரணம். நியாயம்தானே?

2014-ல வந்த அஞ்சாவது பதிப்புல அந்தக் கெடுபிடி தளர்ந்தது. யார் வேணும்னாலும் உருட்டலாம். கேட்க ஜனநாயகமா இருக்கு, இல்ல? ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். மேத்ஸ் பிடிக்காதவங்க கண்ணை மூடிக்கங்க!

இலக்கு 15. எங்க மந்திரவாதி இருபது வருஷம் ஓலைச்சுவடி படிச்சவன், அவனுக்கு மார்க் கூடுதலா 5. அப்போ பகடையில 10 அல்லது அதுக்கு மேல விழணும். இருபது முகத்துல பதினொண்ணு, அதாவது 55 சதவீதம். மத்த நாலு பேருக்கும் அந்தப் பாடத்துல ஒரு மண்ணும் தெரியாது, மார்க் பூஜ்ஜியம். ஒவ்வொருத்தருக்கும் 15 அல்லது அதுக்கு மேல விழணும், 30 சதவீதம்தான். ஆனா நாலு பேரும் உருட்டினா, யாராவது ஒருத்தருக்காவது விழ எவ்வளவு வாய்ப்பு? 76 சதவீதம்!

புரியுதா? இருபது வருஷம் படிச்சவன் 55. ஒண்ணுமே படிக்காத நாலு பேர் சேர்ந்தா 76. படிச்சவன் திருதிருன்னு முழிப்பான். கோடாலி பிடிச்ச போர்வீரன், "ஆங், இது மூவாயிரம் வருஷத்துக்கு முந்தின ராஜாவோட முத்திரை ஆச்சே!"ன்னு சொல்வான். எங்க மேஜையில இது வாரம் ஒரு தடவை நடக்கும். நாங்க சிரிப்போம். மந்திரவாதியா ஆடுற நண்பன் மட்டும் சிரிக்க மாட்டான்.

இன்னொரு ஆபத்தும் இருக்கு. எல்லாருமே ஃபெயில் ஆயிட்டா? "உங்க யாருக்கும் ஞாபகம் வரலை"ன்னு டி.எம். சொல்லிட்டு உட்கார்ந்துடுவார். கதை அங்கேயே படுத்துடும். டீ ஆறிடும்.

கிணத்துல வந்த கறுப்பு மண்

எங்க டி.எம். ஒரு பொண்ணு, சிவில் மூணாவது வருஷம். ஒரு ஞாயித்துக்கிழமை புதுக் கதை ஆரம்பிச்சா. ஒரு கிராமம். கிணறு தோண்டுறாங்க. தண்ணியோட சேர்ந்து கறுப்பா ஏதோ வருது. கிராமமே நடுங்குது.

நெய்வேலிக்காரங்களுக்கு இந்தக் கதை எங்கிருந்து வந்ததுன்னு உடனே தெரிஞ்சிடும். 1930-கள்ல ஜம்புலிங்க முதலியார் நிலத்துல தண்ணிக்காகத் தோண்டினப்போ கறுப்பா வந்ததுதான் எங்க பகுதியோட தலையெழுத்தையே மாத்தின பழுப்பு நிலக்கரி. 1956-ல நிறுவனம் வந்தது. அப்புறம் சுரங்கம், அனல்மின் நிலையம், டவுன்ஷிப் எல்லாம் வந்தது.

வழக்கப்படி எல்லாரும் பகடையைக் கையில எடுத்தாங்க. "வச்சுடுங்க"ன்னா. பையில இருந்து மடிச்ச துண்டுச் சீட்டு அஞ்சை எடுத்து ஆளுக்கு ஒண்ணு கொடுத்தா. "உங்க பாத்திரம் இதைப் பார்த்ததும் என்ன தோணுமோ, அது இதுல இருக்கு. படிச்சுட்டு உங்க வார்த்தையில சொல்லுங்க. சீட்டைக் காட்டக் கூடாது!"

மந்திரவாதிக்கு வந்த சீட்டு: இது மந்திரம் இல்லை. எப்பவோ மண்ணுக்குள்ள போன காட்டு மரங்கள்தான் இப்படி ஆயிருக்கு.

குள்ளர் இனத்துச் சுரங்கக்காரனுக்கு: கறுப்பு மண்ணுக்குக் கீழே தண்ணி அழுத்தத்தோட நிக்குது. அதை இறைச்சு அழுத்தத்தைக் குறைக்காம மேல தோண்டினா அடி பிளந்து தண்ணி பீறிடும். (நிஜ நெய்வேலியிலயும் இதுதான் நிலைமை. நிலக்கரிக்கு அடியில இருக்கிற ஊத்துத் தண்ணியை ராத்திரி பகலா பம்ப் பண்ணிக்கிட்டே இருந்தாத்தான் சுரங்கம் சுரங்கமா இருக்கும்.)

பூசாரிக்கு: இந்த ஊர் அம்மன் பாட்டுல 'எரியுற கல்'னு ஒரு வரி இருக்கு.

போர்வீரனுக்கு: போன மாசம் ராஜாவோட ஆளுங்க இந்த ஊர் நிலத்தை விலைக்குக் கேட்டாங்கன்னு சாராயக்கடையில பேச்சு.

வேட்டைக்காரனா ஆடுற எனக்கு: கிணத்துக்குக் கிழக்கே இருக்கிற வயல் மட்டும் காயுது. மேற்கே பச்சையா இருக்கு.

ஒவ்வொருத்தருக்கும் ஒரு துண்டுதான் தெரியும். முழுசா யாருக்கும் தெரியாது. அடுத்த ஒரு மணி நேரம் பகடையே உருளலை நண்பர்களே! "இரு இரு, நீ என்ன சொன்னே?" "அப்போ ராஜாவுக்கு முன்னாடியே தெரியுமா?" "கிழக்கே மட்டும் ஏன் காயுது?"ன்னு ஒரே சத்தம். மூணு வாரமா மேஜை ஓரத்துல டீ கிளாஸை உருட்டிக்கிட்டிருந்த நான் அன்னைக்குத்தான் முதல் தடவையா ஒரு முழு வாக்கியம் பேசினேன்.

டி.எம். செஞ்சது பெரிய மாயம் இல்லை. 'தெரியுமா, தெரியாதா'ங்கிற கேள்வியைத் தூக்கிப் போட்டுட்டா. 'உனக்கு என்ன தெரியும்?'னு மாத்திக் கேட்டா. அவ்வளவுதான்.

இதே ரூட்ல யோசிச்சவங்க வெளிநாட்டுலயும் இருக்காங்க. ராபின் லாஸ் எழுதின 'கம்ஷூ'ங்கிற துப்பறியும் ஆட்டமுறையில முக்கியமான துப்புக்குப் பகடையே கிடையாது. அந்தத் துறை தெரிஞ்ச பாத்திரம் சரியான இடத்துல தேடினா துப்பு கையில கிடைச்சுடும். கிடைச்ச துப்பை வச்சு நீ என்ன பண்றேங்கிறதுதான் ஆட்டம்.

நண்டு வளை பஞ்சாயத்து

இப்போ பழைய கர்ணன் பிரச்னைக்கு வருவோம். எனக்குத் தெரிஞ்சதை என் பாத்திரத்துக்குத் தெரிஞ்சதா வச்சுக்கலாமா?

இந்த ஆட்டத்துல 'ட்ரோல்'னு ஒரு ராட்சசன் உண்டு. வெட்ட வெட்ட காயம் ஆறிடும். நெருப்போ அமிலமோ பட்டாத்தான் ஆறாது. ரெண்டு மாசம் ஆடின எவனுக்கும் இது மனப்பாடம். ஆனா நேத்துதான் கிராமத்துல இருந்து கிளம்பின இளம் போர்வீரன், ட்ரோலைப் பார்த்த உடனே தீப்பந்தத்தைத் தேடி ஓடினா? 'இவனுக்கு எப்படிடா தெரிஞ்சுது?'ன்னு மேஜையில சண்டை வரும். இதுக்காக நட்பு முறிஞ்ச குரூப் எல்லாம் உலகம் முழுக்க உண்டு.

எங்க சண்டை ட்ரோலால வரலை, நண்டால வந்தது.

கதையில கிழக்கு வயலுக்குப் போனோம். ராத்திரி கட்டின தண்ணி காலையில இல்லை. மந்திரவாதி சாபம்னான். பூசாரி அம்மன் கோபம்னான். நான் கேட்டேன், "வரப்புல நண்டு வளை இருக்கா?"

சிரிப்பு. டி.எம். மட்டும் சிரிக்கலை. "இருக்கு. ஒரு பெரிய ஓட்டை இருக்கு"ன்னா.

"வாசல்ல மண் தள்ளிப் போட்டிருக்கா?"

கொஞ்சம் யோசிச்சா. "இல்லை. சுத்தமா இருக்கு."

"அப்போ அது நண்டு இல்லை. நண்டு தோண்டினா மண்ணை வெளியே தள்ளிப் போட்டிருக்கும். இதை யாரோ உள்ளே இருந்து தோண்டியிருக்காங்க. மண் உள்ளேயே போயிடுச்சு."

மேஜை அமைதியாயிடுச்சு. அப்புறம்தான் ரூல் புக்கை நெட்டுரு போட்ட மந்திரவாதி நண்பன் கையைத் தூக்கினான். "டேய், உன் ஷீட்ல இயற்கை ஸ்கில்லே கிடையாதே! இது உனக்குத் தெரிஞ்ச விஷயம்டா, உன் வேட்டைக்காரனுக்குத் தெரிஞ்சதில்லை. செல்லாது!"

அவன் சொன்னது ரூல்படி தப்பில்லை. இங்கே ஒரு டி.எம். ரெண்டு விதமா நடக்கலாம். 'செல்லாது'ன்னு அடிச்சு விடலாம், இல்லைன்னா கண்டுக்காம விட்டுடலாம். எங்க டி.எம். மூணாவது வழியில போனா. என்னைப் பார்த்து ஒரே ஒரு கேள்வி கேட்டா.

"உன் வேட்டைக்காரனுக்கு இது எப்படித் தெரியும்?"

நான் யோசிக்கவே இல்லை. "அவன் அம்மா நடவுக்குப் போறவங்க. அவங்க நடும்போது வரப்புல உட்கார்ந்து நண்டு வளையில மண்ணை அப்பி அடைக்கிறதுதான் சின்ன வயசுல அவன் வேலை. அடைக்காம விட்டா தண்ணி பக்கத்து வயலுக்குப் போயிடும், சாயங்காலம் சண்டை வந்துடும்."

டி.எம். என் கேரக்டர் ஷீட்டை இழுத்தா. கடைசி வரிக்குக் கீழே பென்சிலால எழுதினா: 'அம்மா நடவு நட்டவர். வயல், வரப்பு, வாய்க்கால் தெரியும்.' அன்னைக்கு வரைக்கும் என் வேட்டைக்காரனுக்கு ஒரு வில்லும் பன்னிரண்டு அம்பும்தான் இருந்தது. அதுக்கப்புறம் அவனுக்கு ஒரு அம்மாவும் இருந்தாங்க.

இந்தக் கேள்வியோட அழகைக் கவனிச்சீங்களா? உண்மையாவே பாத்திரத்துக்குத் தெரியும்னா, அந்தப் பதில்ல ஒரு வாழ்க்கை வெளியே வரும். சும்மா ரூல் புக்ல படிச்சதை அவுத்து விடுறவன்னா பதில் வராது, 'அது... வந்து...'ன்னு இழுப்பான். ட்ரோலுக்கும் இதே மருந்துதான். "உன் போர்வீரனுக்கு நெருப்பு விஷயம் எப்படித் தெரியும்?"னு கேளுங்க. "எங்க பாட்டி ராத்திரி கதை சொல்வாங்க, பாதி கதை பொய்யாத்தான் இருக்கும்"னு ஒருத்தன் சொன்னா, ஆஹா, அனுமதிங்க! பாட்டி சொன்னதுல எந்தப் பாதி பொய்னு டி.எம். முடிவு பண்ணிக்கலாமே! 2012-ல வந்த 'டன்ஜன் வேர்ல்ட்'ங்கிற ஆட்டத்துல, ஒருத்தர் தெரிஞ்ச விஷயத்தைச் சொன்னா 'இது உனக்கு எப்படித் தெரிஞ்சது'ன்னு கதை நடத்துறவர் கேட்கலாம்னு ரூலாவே எழுதி வச்சிருக்காங்க.

பாரதம் சொல்ற மூணு ரூல்

எங்க பக்கம் திரௌபதி அம்மன் கோயில் திருவிழான்னா பகல்ல பாரதப் பிரசங்கம், ராத்திரி தெருக்கூத்து, கடைசியில தீமிதி. திரைக்குப் பின்னாடி இருந்து துரியோதனன் வரும்போது கட்டியக்காரன் வழியை மறிச்சு, நீங்க யாரு, எந்த நாடு, என்ன சங்கதின்னு கேட்பான். அவனுக்குத் தெரியாதா? ஊருக்கே தெரியும். ஆனாலும் கேட்பான். ராஜா தன் வாயால சொன்னாத்தான் அங்கே ராஜா பிறக்கிறான். எங்க டி.எம். என்கிட்ட கேட்ட கேள்வியும் அதே வகைதான்னு எனக்குப் பின்னாடி தோணுச்சு.

அந்தக் கூத்துல வர்ற மூணு பேரை நினைச்சுப் பார்த்தா அறிவு ஸ்கில்லுக்குத் தேவையான ரூல் மொத்தமும் கிடைச்சுடும்.

ஒண்ணு, சகாதேவன். சாத்திரம் எல்லாம் தெரிஞ்சவன். எதிரி துரியோதனனே வந்து களபலிக்கு நாள் கேட்டாலும் மறைக்காம குறிச்சுக் கொடுத்தவன். கேட்டாத்தான் சொல்வான்னு அவனைப் பத்தி ஊர்ல ஒரு பேச்சு உண்டு. அவன்கிட்ட போய் பகடை உருட்டுன்னா அசிங்கம். ரூல்: ஒரு பாத்திரத்தோட தொழிலே அதுதான்னா, உருட்டாம சொல்லிடுங்க. சரியான கேள்வி கேட்கிறதை மட்டும் ஆடுறவங்ககிட்ட விட்டுடுங்க.

ரெண்டு, அபிமன்யு. சக்கர வியூகத்துக்குள்ள நுழையத் தெரியும், வெளியே வரத் தெரியாது. ரூல்: 'தெரியும்', 'தெரியாது'க்கு நடுவுல 'பாதி தெரியும்'னு ஒண்ணு இருக்கு. பகடையில கொஞ்சம் குறைஞ்சா முழு ஃபெயில் போடாதீங்க, பாதியைக் கொடுங்க. பாதி அறிவு மாதிரி சுவாரசியமும் இல்லை, ஆபத்தும் இல்லை.

மூணு, நம்ம கர்ணன். பிரம்மாஸ்திர மந்திரம் அவனுக்குத் தெரியும். ஆனா பரசுராமர் சாபம், தேவைப்படுற நேரத்துல மறந்துடும். ரூல்: பகடையை இங்கே உருட்டுங்க! நேரம் நெருக்குது, எதிரே அம்பு நிக்குது, மறந்தா உயிர் போகும். அப்படிப்பட்ட இடத்துலதான் 'ஞாபகம் வருமா?'ங்கிறது உண்மையான கேள்வி. சாவகாசமா உட்கார்ந்து ஓலையைப் புரட்டுறவனுக்குப் பகடை எதுக்கு?

சரி, இந்த 76 சதவீதக் கொடுமைக்கு என்ன வழி? உருட்டியே ஆகணும்னா, அந்தப் பாடம் தெரிஞ்சவங்க மட்டும் உருட்டட்டும். மத்தவங்க உதவணும்னா, எப்படி உதவுறாங்கன்னு ஒரு வரி சொல்லட்டும். 'நானும் நானும்'னு வரிசையில நிக்கக் கூடாது.

யாரோட அறிவு அறிவு?

இவ்வளவும் ஒரு விளையாட்டுக்கான்னு கேட்கலாம். எனக்கு இது விளையாட்டோட நிக்கலை.

2023 ஜூலை 26 அன்னைக்கு எங்க ஊர்ப் பேர் தமிழ்நாடு முழுக்க டி.வி.யில ஓடுச்சு. சுரங்க விரிவாக்கத்துக்காக பரவனாத்துக்கு மாத்து வாய்க்கால் வெட்ட, நெற்பயிர் நின்ன வயல்ல பொக்லைன் இறங்கின நாள். அதுக்கப்புறம் போராட்டம், கைது, ஐகோர்ட்டுன்னு போனதெல்லாம் நீங்க படிச்சிருப்பீங்க. யார் சரி, யார் தப்புன்னு தீர்ப்பு சொல்ல நான் இதை எழுதலை. அந்த நாட்கள்ல டி.வி. விவாதத்தைப் பார்க்கும்போது எனக்கு உறைச்சது வேற. ஆறு ஏன் திரும்பணும்னு ஒருத்தருக்குத் தெரியும். சட்டத்துல என்ன இருக்குன்னு ஒருத்தருக்குத் தெரியும். மின்சாரம் எவ்வளவு வேணும்னு ஒருத்தருக்குத் தெரியும். அந்தக் கதிர் அறுவடைக்கு இன்னும் எத்தனை நாள்னு வரப்புல நிக்கிற ஒரு அம்மாவுக்குத் தெரியும். ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. ஆனா மேஜையில உட்கார்ந்தவங்களைத் தவிர மத்தவங்க சீட்டை யாரும் படிக்கச் சொல்லலை.

காலேஜ்லயும் அதேதான். வகுப்புல பேசுறவன் பேசிக்கிட்டே இருப்பான். கடைசி பெஞ்ச் எழுந்து நின்னா 'தெரியலை சார்' மட்டும்தான் வரும். அவனுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு அர்த்தம் இல்லை. கேள்வி அவன் ஷீட்ல இருக்கிற ஸ்கில்லைத் தொடலை, அவ்வளவுதான். முதல் தலைமுறையா காலேஜ் வாசலை மிதிக்கிற எத்தனையோ பேரோட ஷீட்ல கடைசி வரிக்குக் கீழே எழுத வேண்டியது நிறைய இருக்கு. அதை எழுத ஒரு பென்சிலும், 'உனக்கு இது எப்படித் தெரியும்?'னு ஆசையாக் கேட்க ஒரு ஆளும் வேணும்.

கவனிங்க, 'ஆசையாக் கேட்க'. இதே கேள்வியைப் போலீஸ்காரர் மாதிரியும் கேட்கலாம். 'உனக்கு எப்படிடா தெரியும்?'னு சந்தேகத்தோட கேட்டா வாய் மூடிடும். தெரிஞ்சுக்கிற ஆர்வத்தோட கேட்டா, மூணு வாரம் பேசாதவனும் அம்மாவைப் பத்திப் பேசுவான்.

செலவே இல்லாம ஆரம்பிக்க...

ஆடிப் பார்க்கணும்னு தோணுதா? ரூல் புக் விலையைப் பார்த்து மயக்கம் போட வேண்டாம். அஞ்சாவது பதிப்போட அடிப்படை விதித் தொகுப்பை 2023 ஜனவரியில இலவசமாவே பொதுவுல விட்டுட்டாங்க. நெட்ல இருந்து இறக்கிக்கலாம். இருபது முகப் பகடை கிடைக்கலையா? ஒண்ணுல இருந்து இருபது வரைக்கும் சீட்டு எழுதி ஒரு சொம்புல போட்டுக் குலுக்குங்க. எடுத்த சீட்டைத் திரும்பப் போட மறக்காதீங்க, இல்லைன்னா கணக்கு உதைக்கும்! ஆங்கிலக் கோட்டையும் டிராகனும் வேண்டாம்னா, உங்க ஊர் ஏரி, கரைமேல இருக்கிற ஐயனார், பாழடைஞ்ச சத்திரம் போதும். ஹாஸ்டல் மொட்டை மாடி, ஒரு ஞாயிறு மதியம், நாலு பேர்.

ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி, கதை நடத்தப் போறவர் ஒண்ணு மட்டும் செய்யுங்க. உங்க குரூப்ல ரொம்பக் கம்மியாப் பேசுற ஆள் யாருன்னு பாருங்க. அவங்க ஊர்ல என்ன விளையுது, வீட்டுல என்ன தொழில்னு டீ குடிக்கும்போது மெதுவா விசாரிச்சு வச்சுக்கங்க. பட்டறையா, தறியா, வலையா, செங்கல் சூளையா, எதுவா இருந்தாலும் சரி. அப்புறம் கதையில, அந்த ஆளுக்கு மட்டும் தெரிஞ்ச ஒரு பூட்டை வைங்க.

சாவி எங்க இருக்குன்னு நீங்க சொல்லவே வேண்டாம். அவங்களே எடுத்துக் கொடுப்பாங்க.